ஓர் எழுத்து, ஒரு புள்ளி

கணிதக்காரர் அகரவரிசையில் நிற்கிறார்கள்,
பள்ளிக்கூட இடாப்பில் போல.
மருத்துவத்தில் கடைசிப் பெயருக்குத்தான் கதிரை.
துகள் இயற்பியலில் ஒரு கட்டுரைக்கு
இரண்டாயிரத்து எண்ணூறு பேர்,
தேர்வடம் பிடித்த மாதிரி.
யார் இழுத்தது என்று கேட்கக் கூடாது.
மெய்யியலில் ஒருவர். அவரும்
அடிக்குறிப்பில் தன்னோடு தானே சண்டை.

மூன்று வருடமாய் இதைத்தான் எண்ணுகிறேன்,
திருநெல்வேலியில், இரண்டாம் மாடியில்,
மின்விசிறி தலையாட்டி மறுத்தபடி இருக்கும் அறையில்.
பன்னிரண்டு துறை. நாற்பத்தோராயிரம் கட்டுரை.
யார் யாரைச் சொன்னார்,
யார் யாரைச் சொல்லாமல் விட்டார்.
"இதுக்கும் காசு தருவினமோ?" என்றார்
யாருடையதோ ஆய்வேட்டுத் தாளில்
வடை மடிக்கும் கன்ரீன் யோகராணி.
தொகையைச் சொன்னேன்.
இன்னொரு வடை வைத்தார்.

வலிகாமத்துக் கிணறுகளின் நைத்திரேற்று பற்றி
எண்பத்தாறில் ஒரு கட்டுரை.
அறுபத்துமூன்று பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.
அதில் ஐம்பத்திரண்டு பேர்
பக்கம் 171 ஐ 117 என்கிறார்கள்.
முதலாமவருக்குக் கை தடுமாறியது.
மற்றவர்கள் அந்தத் தடுமாற்றத்தைப்
பயபக்தியோடு பார்த்தெழுதினார்கள்.

தொகுதியைத் தேடி எடுத்தேன்.
117 இல் ஆடுகளின் குடற்புழு.
171 இல் கிணறு.
ஓரம் வெட்டாத தாள்கள்;
அடிமட்டத்தால் பிரித்தேன்.
கடைசியில், பொடி எழுத்தில்,
"நூற்றுப் பன்னிரண்டு கிணற்றிலும் தண்ணீர் அள்ளித் தந்த
இளவாலை கபிரியேற்பிள்ளைக்கு நன்றி."
நன்றியை எண்ணுவதற்கு
என் மென்பொருளில் வழி இல்லை.

தொண்ணூற்றைந்தில் என் வரைபடத்தில் ஒரு வெள்ளை.
தரவு விடுபட்டுவிட்டதா என்று கேட்டார்
மெல்பேண் இணை ஆய்வாளர்.
விடுபட்டது நாங்கள் என்று எழுதினேன்.
அழித்தேன்.
"ஆம்" என்று அனுப்பினேன்.

பக்கத்து மேசைச் சாருமதி
கலியாணத்துக்கு முன் ஓர் ஆய்வாளர்,
பின் இன்னோர் ஆய்வாளர்.
ஒருவரை ஒருவர் அடிக்கடி மேற்கோள் காட்டுவதால்
அவர்கள் நெருங்கிய சிநேகிதிகள் என்கிறது கணனி.
"உண்மையில் கதைச்சுப் பல காலம்" என்கிறாள் சாருமதி.

ஒரு மத்தியானம், சும்மா,
என் பெயரைத் தேடிப் பார்த்தேன்.
நான் இல்லை.
நாகமுத்து இருந்தார்.
ஆறு கட்டுரை, முப்பத்தெட்டு மேற்கோள்.
காரைநகர் பஸ்ஸில் இருபத்தொன்பது வருடம்
கண்டக்டராய் இருந்தவர்.
எழுதியதெல்லாம் ரிக்கற்;
கிழித்தவுடன் அதுவும் அடுத்தவருடையது.

இங்கே நான் ந. பிருந்தினி.
அப்பா ஓர் எழுத்து, ஒரு புள்ளி.
கடல் கடந்தால் தலைகீழ்:
அவர் முழுப்பெயர்,
நான் அவருக்குப் பின்னால்
ஒரு காற்புள்ளியில் தொங்கும் பி.

நேற்று மதிப்பீட்டாளரின் கடிதம் வந்தது.
முற்றத்தில் நின்று சத்தமாய் வாசித்தேன்.
"அன்பின் திரு. நாகமுத்து,
உங்கள் வாதம் சுவையானது.
ஆனால் மாதிரி எண்ணிக்கை போதாது."
அப்பா சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.
பம்பை நிறுத்தி நிமிர்ந்தார்.
"எனக்கோ எழுதியிருக்கு?"
"ஓம்."
"எத்தினை பேரைக் கணக்கெடுத்தனான்?"
"ஒரு லட்சத்துக்கு மேலை."
கொஞ்சம் யோசித்தார்.
"காணாதாமோ?
புட்போட்டிலையும் ஆக்கள் நிண்டவை எண்டு
எழுதி அனுப்பு."